பேரை மறைத்த மந்திரவாதி!

280க்கும் அதிகமான துப்பறியும் நாவல்களை எழுதித் தள்ளினார் ஒரு அமெரிக்க நிருபர். ஜனங்கள் கடைக்கு ஓடி வாங்கிப் படித்தார்கள். ஆனால் அட்டையில் அவர் பேர் இல்லை!

அவர்தான் வால்டர் கிப்சன். பேனா பிடித்த கையாலேயே மேடையில் மந்திர வித்தையும் காட்டியவர்.

1897 செப்டம்பர் 12ந் தேதி பிலடெல்பியா நகரில் பிறந்தார். சின்ன வயதிலேயே மேஜிக் பைத்தியம். 1920ல் பட்டம் வாங்கினார். பிறகு சொந்த ஊரிலேயே பத்திரிகை வேலை. முதலில் நார்த் அமெரிக்கன், அப்புறம் ஈவினிங் லெட்ஜர் என்ற மாலைப் பத்திரிகை. செய்தி போக, புதிர்களும் மேஜிக் தந்திரங்களும் எழுதினார்.

எழுதியது ஒருவர், பேர் இன்னொருவர்

அப்போது ஹவுடினி, தர்ஸ்டன், பிளாக்ஸ்டோன் மூவரும் மேஜிக் உலகின் பெரும்புள்ளிகள். மேடையில் கில்லாடிகளான அவர்களுக்கு, புத்தகம் எழுத ஆள் தேவைப்பட்டது. வித்தையின் ரகசியமும் தெரிய வேண்டும். பாமரனுக்குப் புரியும்படி எழுதவும் வேண்டும். இரண்டும் தெரிந்த ஆள் கிப்சன்.

1929ல் தர்ஸ்டனின் வாழ்க்கைக் கதை வெளிவந்தது. அட்டையில் தர்ஸ்டன் பேர். எழுதியது கிப்சன். பிளாக்ஸ்டோன் பேரில் வந்த மேஜிக் புத்தகமும் அப்படித்தான்.

விலங்கு மாட்டிப் பெட்டியில் பூட்டினாலும் வெளியே வந்துவிடும் ஹவுடினி, 1926ல் இறந்தார். அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து 1930ல் ஒரு புத்தகம் போட்டார் கிப்சன். அதிலாவது அவர் பேர் வந்தது.

நிழல் வந்தது

அதே 1930ல் ரேடியோவில் ஒரு துப்பறியும் நிகழ்ச்சி ஆரம்பமானது. கதை சொன்ன மர்மக் குரலுக்கு ஷேடோ என்று பேர். அதாவது நிழல். நியூயார்க் ஸ்ட்ரீட் அண்டு ஸ்மித் கம்பெனி, தன் துப்பறியும் பத்திரிகையை விற்பதற்காக நடத்திய நிகழ்ச்சி அது.

நடந்ததோ வேறு. கடைக்குப் போன ஜனங்கள், நிழல் பத்திரிகை இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லாத பத்திரிகைக்குக் கிராக்கி! கம்பெனி விழித்துக்கொண்டது. கிப்சனைப் பிடித்தது. 1931ல் ஷேடோ பத்திரிகை பிறந்தது.

முதல் இதழ் அட்டைக்குப் பழைய படம் ஒன்றையே எடுத்துப் போட்டார்கள். அதில் இருந்தவர் ஒரு சீனாக்காரர். படத்துக்காகக் கதையிலும் ஒரு சீனாக்காரரை நுழைத்தார் கிப்சன்!

கதாநாயகன் ஷேடோ கறுப்பு உடையில் வருவான். இருட்டில் கரைந்துபோவான். கட்டிப்போட்டால் நழுவிவிடுவான். எல்லாம் மேடை வித்தைதான்.

எழுதியவர் பேர் மாக்ஸ்வெல் கிராண்ட் என்று போடப்பட்டது. மேஜிக் சாமான் வியாபாரிகள் இரண்டு பேரின் பெயரை ஒட்டவைத்துச் செய்த பேர் அது.

மாதம் 2 நாவல்

பத்திரிகை சக்கைப்போடு போட்டது. 1932ல் மாதம் 2 இதழ் ஆனது. ஒரு நாவல் சுமார் 60 ஆயிரம் வார்த்தை. அதாவது வருஷத்துக்கு 14 லட்சம் வார்த்தைக்கு மேல்! டைப்ரைட்டர்களை வரிசையாக வைத்து, ஒன்று மக்கர் செய்தால் அடுத்ததற்குத் தாவுவாராம்.

ஆரம்பத்தில் கிடைத்தது நாவலுக்கு 500 டாலர். ஷேடோ ரேடியோ நாடகமானது, சினிமாவானது, படக்கதையானது. உரிமை முழுக்கக் கம்பெனியிடம். உருவாக்கிய ஆள் கூலிக்கு எழுதியவர், அவ்வளவுதான்.

1946ல் ஒப்பந்தத் தகராறு. கிப்சன் விலகினார். வேறு ஒருவர் எழுதினார். 1948ல் கிப்சனையே திரும்ப அழைத்தார்கள். அதற்குள் காலம் மாறிவிட்டது. 1949ல் பத்திரிகை மூடப்பட்டது. வெளிவந்த இதழ் 325.

அதே வருஷம், கிரேட் ரேமண்ட் என்ற மந்திரவாதியின் விதவை லிட்ஸ்காவைக் கிப்சன் மணந்தார். மேஜிக் பற்றி எழுதுவதை அவர் விடவில்லை.

1963ல் மறுபடி ஒரு ஷேடோ நாவல் எழுதினார். இந்தத் தடவை சொந்தப் பேரில்! ஷேடோ பிறந்து 32 வருஷம் கழித்து.

1985 டிசம்பர் 6ந் தேதி நியூயார்க் மாநிலம் கிங்ஸ்டனில் கிப்சன் காலமானார். வயது 88.

பின்னால் அந்தப் பழைய நாவல்களை மறுபதிப்புப் போட்டார்கள். மாக்ஸ்வெல் கிராண்ட் என்ற பேரோடு, வால்டர் கிப்சன் என்ற பேரையும் சேர்த்தே அச்சடித்தார்கள்.