உடலைத் துலக்கிய துறவி: சுவாமி சிவானந்தர்

விளக்கு ஏற்றுமுன் அதைத் துலக்குகிறோம். கோயிலுக்குள் செல்லுமுன் கால் கழுவுகிறோம். ஆனால், உயிர் குடியிருக்கும் இவ்வுடலின் உட்புறத்தைத் துலக்குவது பற்றி நம்மில் பலர் நினைப்பதேயில்லை. யோக நூலோர் அதனை நினைத்தார்கள். அவர்கள் கூறியதை வைத்தியக் கண்கொண்டு பார்த்து, இல்லறத்தாருக்கும் விளங்கும்படி எழுதியவர் சுவாமி சிவானந்தர். அன்னாரது வாழ்க்கை நம் தோட்டப்புற இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

திருநெல்வேலிச் சீமையில், பாய் நெசவுக்குப் பேர்பெற்ற பத்தமடையில், 1887ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் வெங்கு ஐயர். தாயார் பார்வதி அம்மாள். பெற்றோர் இட்ட பெயர் குப்புசுவாமி. எட்டயபுரத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் பயின்று, பின் தஞ்சாவூரில் வைத்தியம் கற்றார். 1909இல் ‘அம்ப்ரோசியா’ என்னும் வைத்திய சஞ்சிகையைத் தாமே நடத்தினார். நோய் வந்தபின் மருந்து கொடுப்பதோடு நில்லாமல், நோய் வராமற் காக்கும் அறிவைப் பரப்ப வேண்டும் என்னும் ஆர்வம் அப்போதே அவருக்கு இருந்தது.

1913இல் அவர் கப்பலேறி மலாயா சென்றார். சிரம்பானுக்கு அருகே ஒரு றப்பர்த் தோட்ட வைத்தியசாலையில் ஏறக்குறைய 7 ஆண்டுகள் பணிபுரிந்தார். அங்கே அவரிடம் வந்த நோயாளிகள் யார்? நம் மூதாதையர் மண்டபம் வழியாக இலங்கை மலைகளுக்கு வந்தது போலவே, பிழைப்புத் தேடிக் கடல் கடந்த தமிழ்த் தொழிலாளர்களே. லயத்து வாழ்வின் துன்பத்தை ஏட்டிற் படித்தன்றி, நோயாளியின் நாடியைப் பிடித்து அறிந்தவர் அவர். ஏழைகளிடம் பணம் வாங்காமல் வைத்தியம் செய்ததோடு, தம் கைப்பொருளும் கொடுத்து அனுப்பினார் என்று அவர் வரலாறு கூறுகிறது.

செல்வமும் செல்வாக்கும் வளர்ந்த வேளையில் அவர் உள்ளம் வேறு வழியில் திரும்பிற்று. 1923இல் மலாயாவை விட்டார். 1924 ஜூன் முதலாம் நாள் ரிஷிகேசத்தில் விசுவானந்த சரஸ்வதி சுவாமிகளிடம் துறவு பெற்றுச் சிவானந்தரானார். துறவு பூண்டும் வைத்தியத்தை அவர் துறக்கவில்லை. 1927இல் தமது ஆயுள் காப்புறுதிப் பணத்தைக் கொண்டு லட்சுமண்ஜூலாவில் தரும மருந்தகம் ஒன்றை நடத்தினார். பத்ரிநாத் செல்லும் யாத்திரிகர்கள் அதனால் பெரும்பயன் அடைந்தார்கள்.

1936இல் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவினார். இருநூறுக்கு மேற்பட்ட நூல்களை எழுதினார். அவற்றுள் ‘குண்டலினி யோகம்’ என்னும் நூலில் யோகத்தின் சுத்திக் கிரியைகள் ஆறையும் விளக்கியுள்ளார். 15ஆம் நூற்றாண்டளவில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை கூறும் கிரியைகள் அவை. வயிற்றைத் துடைப்பது தௌதி. கீழ்க்குடலைக் கழுவுவது வஸ்தி. மூக்கைச் சுத்தி செய்வது நேதி. இமையாது நோக்குவது திராடகம். வயிற்றுத் தசைகளைச் சுழற்றுவது நௌலி. விரைந்து மூச்சை வெளித்தள்ளுவது கபாலபாதி.

பிரதீபிகை கூறும் நேதி நூற்கயிற்றால் செய்வது. மூக்கால் நீர் இழுத்து வாயால் விடும் முறை பிற்கால நூலாகிய கேரண்ட சம்ஹிதையில் உள்ளது. ஒரு நாசியில் ஊற்றி மறு நாசியால் விடும் இன்றைய ஜலநேதியை உலகெங்கும் பரப்பியவர்களுள் முதன்மையானவர், சிவானந்தரின் சீடராகிப் பின் முங்கேரில் யோகப் பள்ளி நிறுவிய சத்தியானந்தர்.

ஒன்றை நம் இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். கொழுப்பும் கபமும் மிகுந்தோருக்கே இவ்வாறு கிரியைகள். ஏனையோர் இவற்றைச் செய்ய வேண்டியதில்லை என்பது பிரதீபிகையின் தீர்ப்பு. இவை கூட்டத்தின் முன் காட்டும் வித்தைகளல்ல.

ஹல்துமுல்லையில் கபத்துக்கு என்ன குறை? காலையில் மூடுபனி, அடுப்படியில் விறகுப் புகை, தொழிற்சாலையில் தேயிலைத் தூசி. பீனிசத்தால் தலை பாரமாகித் துன்புறுவோர் நம்மிடையே பலர். அவர்களுக்கு மூக்குக் கழுவுதல் இதம் தரும் என்பதை இக்கால வைத்தியமும் ஒப்புக்கொள்கிறது. ஆனால், பீலித் தண்ணீரையோ ஓடைத் தண்ணீரையோ அப்படியே மூக்கில் ஊற்றலாகாது. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில், காய்ச்சாத குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர், மூளையைத் தின்னும் அமீபாக் கிருமியால் மாண்டனர். 2024, 2025ஆம் ஆண்டுகளில் கேரளத்திலும் அமீபா மூளைக் காய்ச்சல் பல உயிர்களைக் கொண்டது.

ஆகவே, நீரை நன்றாகக் கொதிக்க வைத்து, இளஞ்சூடாக ஆற்றி, அரை லீற்றருக்கு மட்டமான ஒரு தேக்கரண்டி உப்புச் சேர்க்க வேண்டும். உப்பின் அளவு நம் உடல் நீரின் அளவோடு ஒத்திருந்தால் எரியாது. கெண்டியையும் கொதிநீரால் கழுவிக் காயவைக்க வேண்டும். கழுவியபின் முன்குனிந்து, மெல்லச் சிந்த வேண்டும். வலிந்து சிந்தினால் நீர் காதுக்கு ஏறும். மூக்கில் இரத்தம் வருவோரும் காது நோயுள்ளோரும் வைத்தியரைக் கேளாது செய்யலாகாது. முதன்முறை, அறிந்தவர் பக்கத்தில் இருப்பது நன்று.

சிவானந்தர் 1950இல் இந்தியாவெங்கும் இரண்டு மாதம் சுற்றிய யாத்திரையில் இலங்கைக்கும் வந்தார். 1953இல் அவர் அனுப்பிய சீடர் சச்சிதானந்தர் கண்டியில் தபோவனம் அமைத்து, நம் மலைநாட்டவருக்கு யோகம் கற்பித்தார். 1963 ஜூலை 14ஆம் நாள் சிவானந்தர் மகாசமாதி எய்தினார்.

யோக நூல் சொன்ன ஆறு சுத்திகளை விளக்கிய அவரே, வாழ்வுக்கும் ஆறு படிகளை வகுத்தார். தொண்டு, அன்பு, ஈகை என்பன முதல் மூன்று. அவற்றின் பின்னரே தூய்மை. அதன்மேல் தியானமும் மெய்யுணர்வும். தூய்மையை நான்காம் படியில் அவர் வைத்ததன் பொருளை நாம் சிந்திக்க வேண்டும். தன் மூக்கை மட்டும் துலக்கிக் கொண்டு, அடுத்த லயத்தில் இருமும் முதியவரை எட்டிப் பாராதவன் யோகியாக மாட்டான். அந்த முதியவருக்கு நீர் காய்ச்சிக் கொடுக்கும் இளைஞன், ஆசனம் ஒன்றும் அறியாதவனாயினும், முதற்படியில் கால் வைத்துவிட்டான். தோட்ட வைத்தியராய்த் தொடங்கிய அத்துறவியின் வாழ்வு நமக்குக் காட்டும் வழி இதுவே.