மணப்பாட்டில் ஒதுங்கிய திமிங்கலங்களும் ஓர்காவும் சொந்தமா? யார் இந்த வால்டர் எலியட்?

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயலுக்குத் தெற்கே, திருச்செந்தூரைத் தாண்டினால் மணப்பாடு. 1973 ஜனவரியில் இந்தப் பகுதியில் 147 திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. 43 ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரியில் இதே கடற்கரையில் மறுபடியும் 80-க்கும் மேற்பட்டவை. மீனவர்கள் ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டும், பல திரும்பவும் கரைக்கே வந்துவிட்டன.

வந்தவை பைலட் திமிங்கலங்கள். 'கொலையாளித் திமிங்கலம்' என்று பெயர் வாங்கிய ஓர்காவின் சொந்தக்காரர்கள். பெயரில்தான் திமிங்கலம், உண்மையில் இரண்டுமே டால்பின் குடும்பம். இந்தக் குடும்பத்தின் இந்திய உறுப்பினர்களை உலக அறிவியலுக்குக் காட்டியவர்களில் ஒருவர்தான் சென்னை மாகாண அதிகாரி வால்டர் எலியட்.

கித்தூரில் கைதி

1803-ல் எடின்பரோவில் பிறந்த எலியட், 18 வயதில் கம்பெனி வேலைக்காகச் சென்னை வந்து இறங்கினார். 1824-ல் கித்தூர் ராணி சென்னம்மாவின் படையிடம் கம்பெனி தோற்றது. கலெக்டர் தாக்கரே கொல்லப்பட்டார். உதவியாளர்களான எலியட்டும் ஸ்டீவன்சனும் சிறைப்பட்டு, சில வாரங்கள் கழித்தே விடுபட்டார்கள். கட்டபொம்மன் கதை கேட்டு வளர்ந்த நெல்லைக்காரர்களுக்கு இந்தச் சண்டை ஏன் நடந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

உயிர் பிழைத்த எலியட் அந்தப் பக்கமே தங்கி வேலை பார்த்தார். அங்குள்ள பாலூட்டிகளைப் பட்டியலிட்டு 1839-ல் வெளியிட்டார். 1845-ல் அமராவதியில் தோண்டி பௌத்தச் சிற்பங்களை எடுத்தார். அவை இன்று பெரும்பாலும் லண்டனில் இருக்கின்றன.

விசாகப்பட்டினத்தில் 'சின்ன ஓர்கா'

வட சர்க்கார் பகுதியின் கமிஷனராக இருந்தபோதுதான் கடல் பக்கம் திரும்பினார். 1852-ல் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் மழுங்கிய மூக்குள்ள ஒரு டால்பின் கிடைத்தது. அடுத்த ஆண்டு, அதே கடற்கரையில் ஒரு குள்ள ஸ்பெர்ம் திமிங்கலம். எலியட் சேகரித்தவற்றை வைத்து, டைனோசர் என்ற சொல்லை உருவாக்கிய ரிச்சர்ட் ஓவன் 1866-ல் விவரித்து எழுதினார். இரண்டுமே அறிவியலுக்குப் புதுசு.

அந்த டால்பினை ஓவன் ஓர்கா வகையிலேயே சேர்த்தார். பிறகு அதற்கு 'ஓர்கெல்லா' என்று தனிப்பெயர் வந்தது. 'சின்ன ஓர்கா' என்று வைத்துக்கொள்ளலாம். ஒடிசாவின் சிலிகா ஏரியில் சுற்றுலாப் பயணிகள் பார்க்கிற ஐராவதி டால்பின் இதுதான். மரபணு ஆய்வுகளில் முதலில் இது ஓர்காவுக்கு மிக நெருக்கமாகத் தெரிந்தது. பின்னர் வந்த ஆய்வுகளோ இதைப் பைலட் திமிங்கலத்தின் பக்கம் வைத்தன. அதாவது, மணப்பாட்டில் ஒதுங்கியவற்றின் பங்காளி!

ஏன் கூட்டமாக வருகின்றன?

ஓர்காக் கூட்டத்துக்குத் தலைமை அம்மாதான். சில ஓர்காக் கூட்டங்களில் வளர்ந்த மகன்கள்கூட ஆயுசு முழுக்கத் தாயை விட்டுப் பிரிவதில்லை. ஓர்காவிலும் குட்டைத் துடுப்பு பைலட் திமிங்கலத்திலும் பெண்கள், குட்டி ஈனுவது நின்ற பிறகும் பல ஆண்டுகள் வாழ்கின்றன. பாட்டியின் அனுபவம் கூட்டத்துக்கு உதவுகிறது. பெரிய திமிங்கலங்களையே வேட்டையாடும் ஓர்கா, இயற்கையான கடலில் மனிதரைக் கொன்றதாக உறுதியான பதிவு கிடையாது.

இந்தப் பாசமே சில நேரம் ஆபத்தாகிறது. ஒன்று கரையில் சிக்கினால் மற்றவை விட்டுவிட்டுப் போவதில்லை. மணப்பாட்டில் காப்பாற்றப்பட்டவை திரும்பி வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடைசிக் கடிதம்

1860-ல் ஓய்வு பெற்று ஸ்காட்லாந்து திரும்பிய எலியட், முதுமையில் பார்வையை இழந்தார். எலும்பையும் நாணயத்தையும் கண்ணால் பார்த்தே வகைப்படுத்தியவருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு! ஆனாலும் ஓயவில்லை. பிறர் வாசிக்கக் கேட்டார், சொல்லி எழுத வைத்தார்.

1887 மார்ச் 1 காலை அவர் சொல்லி எழுத வைத்து, தன் கையால் ஒப்பமிட்ட கடிதம் ஜி.யு. போப்புக்கு. 1840-களில் சாயர்புரத்தில் பள்ளி நடத்திய அதே போப்தான். திருக்குறளை முன்பே மொழிபெயர்த்த எல்லிஸ் விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகளை எலியட் பல ஆண்டுகளுக்கு முன் போப்பிடம் கொடுத்திருந்தார். போப்பின் குறள் பதிப்புக்கு அது உதவியதா என்று கேட்டிருந்தார். அன்றே இறந்துபோனார்.

எலியட்டின் பெயர் நூல்களில் நிற்கிறது. அவருக்குத் திமிங்கலத்தைக் காட்டிய மீனவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. 2016-ல் மணப்பாட்டில் கயிற்றைப் பிடித்து இழுத்தவர்களும் அவர்களைப் போன்ற கடற்கரைக்காரர்கள்தான். அந்த விலங்குகளைப் பற்றி எழுதும்போது அவர்களையும் சேர்த்தே எழுத வேண்டும்.