கைகளுக்குக் கல்வி தந்த அன்னை மரியா மாண்டிசோரி



இன்று கணிப்பொறி இல்லாத இடமே இல்லை. வங்கியிலும் இரயில் நிலையத்திலும் ரேஷன் கடையிலும் அது வந்து அமர்ந்துவிட்டது. நம் வீடுகளில் கைப்பேசி என்னும் சிறு வடிவில் குடியேறிவிட்டது. ஆனால் அதன் முன் நாம் அமர்ந்திருக்கும்போது நம் உடலில் எத்தனை உறுப்புகள் வேலை செய்கின்றன? கண் பார்க்கிறது, ஒரு விரல் அசைகிறது, அவ்வளவுதான். கையும் காலும் தோளும் முதுகும் உறங்கிக் கிடக்கின்றன. நடந்தும் குனிந்தும் கைகளை வீசியும், உடல் முழுவதையும் பயன்படுத்திக் கணிப்பொறியோடு பழக முடியாதா என்று உலகெங்கும் அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர்.

இக்கேள்விக்கு விடை தேடுவோர், கணிப்பொறியையே கண்டிராத ஒரு தலைமுறையில் பிறந்த பெண்மணி ஒருவரிடம் பாடம் கற்கலாம். குழந்தை தலையால் மட்டுமன்றிக் கையாலும் காலாலும் கற்கிறது என்று உலகிற்கு எடுத்துக் காட்டியவர் அவர். நம் தமிழ் மண்ணில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பது நமக்கு மேலும் பெருமை தரும் செய்தி. அவரே மரியா மாண்டிசோரி அம்மையார். அவருடைய வாழ்க்கையைச் சிறிது காண்போம்.

பிறப்பும் படிப்பும்

இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தையார் அலெசாண்ட்ரோ அரசு அலுவலர். தாயார் ரெனில்டே நூல்கள் பல கற்றவர். மரியா சிறுமியாக இருந்தபோதே குடும்பம் உரோமை நகருக்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்தில் பெண்கள் கற்றால் ஆசிரியப் பணிக்குக் கற்பதே வழக்கம். மரியாவோ கணிதத்தை விரும்பி, ஆண்பிள்ளைகள் பயின்ற தொழிற்பள்ளியில் சேர்ந்தார். பொறியியல் கற்க எண்ணியவர், பின்னர் மருத்துவம் பயில்வதென உறுதி கொண்டார். தந்தையாருக்கு அதில் விருப்பமில்லை. தாயார் துணை நின்றார்.

மருத்துவக் கல்லூரியில் அவர் பட்ட துன்பம் கொஞ்சமன்று. ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் பயில்வது பெண்ணுக்குத் தகாது என்று கருதப்பட்டதால், மற்றவர்கள் போன பிறகு பிண அறையில் தனியாக அமர்ந்து பயின்றார். 1896-ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவர் என்ற சிறப்பு அவருக்கு உரியதாயிற்று.

ரொட்டித் துணுக்குகள் கற்பித்த பாடம்

பட்டம் பெற்றபின் அம்மையார் உரோமையின் மனநல மருத்துவமனையில் பணி செய்தார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் அங்கே வெறும் அறைகளில் அடைபட்டுக் கிடந்தனர். உணவு முடிந்ததும் அவர்கள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கி விளையாடுவார்கள். காவல் செய்த பெண்மணி அதைக் கண்டு அருவருத்தாள். அம்மையாரின் கண்ணுக்கு வேறொன்று புலப்பட்டது. அந்த அறையில் குழந்தைகள் தொட்டுப் பார்க்க வேறு எந்தப் பொருளும் இல்லை. அவர்களுடைய வயிறு நிறைந்திருந்தது, கைகள்தாம் பசித்திருந்தன.

அவர்களுக்குத் தொட்டு, அடுக்கி, பொருத்திப் பழகும் பொருள்களைக் கொடுத்தார். இத்தார், சேகன் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைக் கற்று, அவற்றின்படி புதிய கருவிகள் செய்வித்தார். ஒன்றும் வராது என்று கைவிடப்பட்ட குழந்தைகளில் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, மற்றப் பிள்ளைகள் எழுதிய தேர்விலேயே தேர்ச்சியும் பெற்றனர். ஊர் வியந்தது. அம்மையாரோ, இக்குழந்தைகளே இவ்வளவு செய்ய முடியுமென்றால் மற்றக் குழந்தைகள் பள்ளிகளில் ஏன் இவ்வளவு குறைவாகக் கற்கின்றனர் என்று சிந்திக்கலானார்.

குழந்தைகள் இல்லம்

1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், நாம் மூன்று அரசர் திருநாளாகக் கொண்டாடும் அந்நாளில், உரோமையின் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் வாழ்ந்த பகுதியில் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குப் போனபின் சுவர்களில் கிறுக்கித் திரிந்த சிறுவர் சிறுமியர் ஐம்பது பேருக்கு மேல் அங்கே வந்தனர். தரையில் ஆணியடித்த பெஞ்சுகளுக்குப் பதிலாகக் குழந்தைகளே தூக்கிச் செல்லத்தக்க சிறு மேசை நாற்காலிகள் போடப்பட்டன.

அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையில் உள்ள துளைகளில் அளவு வேறுபட்ட உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் குழந்தைகளைப் பாடச் செய்தும், அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்பது தடவைக்கு மேல் அதையே செய்துவிட்டு, களைப்பின்றிப் புன்னகையோடு எழுந்தாள். ஓர் உருளையைத் தவறான துளையில் வைத்தால் கடைசியில் ஒன்று மிஞ்சும். ஆசிரியை கண்டிக்க வேண்டியதில்லை, பொருளே தவற்றைக் காட்டிவிடும்.

உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டி, அதன்மேல் குழந்தைகள் விரலால் தடவிப் பழகினர். எழுத்தின் வளைவு கைக்கு முதலில் தெரிந்தது. இதனால் பல குழந்தைகள் படிப்பதற்கு முன்பே எழுதத் தொடங்கினர். கணக்கிற்கு மணிகள் இருந்தன. ஒன்றுக்கு ஒற்றை மணி, பத்துக்குக் கம்பியில் கோத்த பத்து மணிகள், நூறுக்குச் சதுரம், ஆயிரத்துக்குக் கனசதுரம். ஒற்றை மணியை ஒரு கையிலும் ஆயிரத்தை மறு கையிலும் ஏந்திய குழந்தைக்கு எண்ணின் பெருமையை விளக்க வேறு சொல் வேண்டுமா?

நம் முன்னோர்க்கும் இது தெரியாததன்று. திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலால் எழுதப் பழக்கினர். இன்றும் நம் சோழ நாட்டில் குழந்தையின் விரலைப் பிடித்து நெல்லிலும் அரிசியிலும் முதல் எழுத்தை எழுதச் செய்கின்றனர்.

நம் தமிழகத்தில்

அம்மையாரின் புகழ் உலகெங்கும் பரவியது. 1931-ஆம் ஆண்டு வட்டமேசை மாநாட்டிற்காக இலண்டன் சென்ற காந்தியடிகள் அம்மையாரைச் சந்தித்தார். ஆனால் சொந்த நாட்டில் முசோலினியின் ஆட்சியோடு பிணக்கு ஏற்பட்டு, அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. 1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டதும் அங்கிருந்தும் வெளியேறி நெதர்லாந்து சென்றார்.

1939-ஆம் ஆண்டின் இறுதியில், பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேல், அவர் துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. ஏறத்தாழ 300 ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றனர். சில மாதம் தங்கிச் செல்ல வந்தவர், போரின் காரணமாகப் பல ஆண்டுகள் தங்க நேர்ந்தது. 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு மாரியோவைச் சிறை முகாமுக்கு அனுப்பியது. அம்மையார் அடையாற்றை விட்டு வெளியேறக் கூடாதென்று கட்டளையிட்டது. அவருடைய 70-ஆம் பிறந்தநாளன்று அரசப் பிரதிநிதி மாரியோவை விடுவித்தார். அதைவிடச் சிறந்த பிறந்தநாள் பரிசு ஒரு தாய்க்கு வேறு உண்டோ!

1942 முதல் சுமார் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் சிறு பள்ளி ஒன்றை நடத்தினார். அங்கே செடி கொடிகளும் சிற்றுயிர்களும் குழந்தைகளுக்குப் பாடநூல்களாயின. இந்தியாவில் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். 1946-இல் ஐரோப்பா திரும்பி, மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்தார். 1949, 1950, 1951 ஆகிய ஆண்டுகளில் நோபல் அமைதிப் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் நெதர்லாந்தில் நூர்ட்விக் என்னும் கடற்கரை ஊரில் தமது 81-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவர் துயில் கொள்கிறார்.

கணிப்பொறியும் கால்களும்

அம்மையாருக்குப் பின் கணிப்பொறி வளர்ந்தது. அமெரிக்காவில் சேமூர் பேப்பர்ட் என்னும் கணித அறிஞர் தம் தோழர்களுடன் 1967-இல் குழந்தைகளுக்கென்று ‘லோகோ’ என்னும் கணிப்பொறி மொழியைப் படைத்தார். பிறகு தரையில் ஊர்ந்து கோடு வரையும் இயந்திர ஆமை ஒன்று வந்தது. முன்னே போ, வலப்புறம் திரும்பு என்று கட்டளையிட்டால் ஆமை அவ்வாறே செய்யும். கட்டளை தெரியாமல் திகைக்கும் குழந்தையை, நீயே ஆமையாகி நடந்து பார் என்று அவர் எழுந்து நடக்கச் செய்தார்.

இதன் அருமையை ஒரு கணக்கால் அறியலாம். சதுரம் வரைய நான்கு முறை நடந்து நான்கு முறை 90 பாகை திரும்ப வேண்டும். இது எளிது. சமபக்க முக்கோணம் வரைய எத்தனை பாகை திரும்ப வேண்டும்? கோணம் 60 பாகை என்று நூலில் படித்த நாம் உடனே 60 என்போம். அப்படித் திரும்பினால் முக்கோணம் வராது, அறுகோணம்தான் வரும். எழுந்து நடந்து பார்த்தால் நம் உடம்பு திரும்புவது வெளிக்கோணமாகிய 120 பாகை என்பது விளங்கிவிடும். மூன்று திருப்பமும் சேர்ந்து 360 பாகை, அதாவது ஒரு முழுச் சுற்று. சதுரத்திலும் அதுவே, அறுகோணத்திலும் அதுவே. தலைக்குப் புரியாத தேற்றத்தைக் கால்கள் புரிந்துகொள்கின்றன. தவற்றையும் தரையில் உள்ள கோடே காட்டிவிடுகிறது, உருளைகள் காட்டியதைப் போல.

நம் வாசற்கோலமும் இத்தகையதே. 1974-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிரித்திவாசனுடன் இணைந்து, கோலத்தின் விதிகளைக் கணிப்பொறி இயலின் இலக்கணமாக ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். குனிந்து, புள்ளி வைத்து, கையை வளைத்து நம் அன்னையர் செய்வதில் அவ்வளவு கணிதம் அடங்கியிருக்கிறது.

1998-இல் ஜப்பானில் காலால் அம்புக்குறிகளை மிதித்து ஆடும் நடன இயந்திரம் வந்தது. 2006-இல் கையில் பிடித்து வீசும் விளையாட்டுக் கருவியும், 2010-இல் நம் உடலசைவைத் தானே கண்டறியும் கருவியும் வந்தன. இவை மகிழ்ச்சி தருவனவே. ஆயினும் அம்மையார் நமக்குச் சொல்லிச் சென்றது ஒன்றுண்டு. உடல் அசைந்தால் மட்டும் போதாது, அசையும் கையும் எண்ணும் மனமும் ஒரே நோக்கில் இணைய வேண்டும். வெறுமனே குதிக்க வைக்கும் கருவி உடற்பயிற்சி தரலாம். நடக்கும்போதே கோணத்தை உணர வைக்கும் கருவிதான் கல்வி தரும்.

நாம் செய்யத்தக்கவை

2020 மார்ச்சில் கொரோனா நோயால் பள்ளிகள் மூடப்பட்டன. நம் மாநிலத்தில் சிறு வகுப்புகள் 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் மீண்டும் திறந்தன. நம் தம்பி தங்கையர் அகரம் பழக வேண்டிய வயதில் கண்ணாடித் திரையில் அதைக் கண்டனர். பள்ளிக்கு வந்தபோது பென்சில் பிடிக்கத் தடுமாறியோர் பலர். எழுத்தைக் கண் கண்டிருந்தது, கை காணவில்லை. அன்று கைப்பேசியே நமக்கு உதவியது என்பதை மறுக்கவில்லை. எனினும் அதனால் நிரப்ப இயலாத இடம் எது என்பதையும் அந்நாட்கள் காட்டிவிட்டன.

கைக்கு உள்ள அறிவை அதிராம்பட்டினத்தில் வாழும் நமக்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. உப்பளப் பாத்தியை மிதித்துச் சமன் செய்யும் கால்களும், வலையின் கிழிசலைப் பார்க்காமலே பின்னும் விரல்களும், நாற்றை ஒரே இடைவெளியில் நடும் கைகளும் நாம் நாளும் காண்பவை. அவை அறிவில்லாத உழைப்பு என்று எண்ணுவது பேதைமை.

ஆகவே நாம் மூன்று செயல்களைச் செய்வோம். கணிப்பொறி அறைக்குச் செல்லுமுன் விளையாட்டுத் திடலில் சுண்ணாம்புக் கோடிட்டு, ஒருத்தி கட்டளையிட மற்றொருத்தி ஆமையாக நடந்து பார்ப்போம். பொதுத்தேர்வு ஆண்டாயிற்றே என்று உடற்பயிற்சி வகுப்பைக் கணக்குப் பாடத்திற்குக் கொடுத்துவிடாமல், இரண்டையும் காக்க ஆசிரியப் பெருமக்களிடம் பணிவுடன் வேண்டுவோம். வீட்டில் அழும் குழந்தையின் கையில் கைப்பேசியைத் திணிக்காமல் படி, உழக்கு, ஆழாக்கு ஆகியவற்றைக் கொடுத்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கச் சொல்வோம். பெரியது சிறியது என்னும் பாடத்தை அக்குழந்தை தானே கற்றுக்கொள்ளும்.

நாளை நம்முள் சிலர் கணிப்பொறி வல்லுநர்களாவோம். அன்று நாம் செய்யும் கருவிகள், அவற்றைப் பயன்படுத்தும் குழந்தைகளை எழுந்து நடக்க விடுவனவாக இருக்கட்டும்.

வாழ்க அன்னை மாண்டிசோரியின் புகழ்!

– பத்தாம் வகுப்பு மாணவி