லீவுல வந்தார், விம்பிள்டன் ஜெயிச்சார்: இலங்கை காபித் தோட்டத்திலிருந்து போன சாம்பியன் ஹாடோ

அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறையாகட்டும், திருப்பூர் பனியன் கம்பெனியாகட்டும், நீண்ட லீவு என்றால் தீபாவளியும் பொங்கலும்தான். 1878-ல் இலங்கையிலிருந்து லீவில் இங்கிலாந்து போன ஒருவர், அந்த லீவிலேயே விம்பிள்டன் பட்டத்தை வென்றார். பிறகு திரும்பவும் தோட்ட வேலைக்கே போய்விட்டார். அவர் பெயர் ஃபிராங்க் ஹாடோ.

யார் இவர்?

1855 ஜனவரி 24-ம் தேதி லண்டனில் பிறந்தவர். முழுப் பெயர் பேட்ரிக் ஃபிரான்சிஸ் ஹாடோ. ஹாரோ பள்ளியில் படித்தார், மிடில்செக்ஸ் அணிக்காக கிரிக்கெட் ஆடினார். பிறகு காபி பயிரிட இலங்கைக்குக் கப்பலேறினார்.

அப்போ டென்னிஸ் எப்படி இருந்துச்சு?

ரொம்பப் புதுசு. புல்தரை டென்னிஸுக்கு வால்டர் விங்ஃபீல்டு காப்புரிமை வாங்கியதே 1874-ல்தான். முதல் விம்பிள்டன் 1877-ல் நடந்தது. ஆண்கள் மட்டும், மொத்தம் 22 பேர். ஜெயித்தவர் ஸ்பென்சர் கோர்.

கோரின் உத்தி சிம்பிள். வலைக்குப் பக்கத்தில் நின்று, பந்து தரையைத் தொடும் முன்பே அடித்துவிடுவார். அவரைத் தாண்டி ஓரமாக அடிக்கலாம் என்றால் வலை விடாது. 1878-ல் கம்பத்தருகே வலையின் உயரம் 4 அடி 9 அங்குலம். இன்று அது 3 அடி 6 அங்குலம்தான்.

ஹாடோ என்ன செஞ்சார்?

பக்கவாட்டில் வழியில்லை என்றால் தலைக்கு மேலே! வலையருகே நிற்கும் கோரின் தலையைத் தாண்டிப் பந்தை உயரத் தூக்கி, பின்னால் விழ வைத்தார். இன்று நாம் 'லாப்' என்கிறோமே, அதேதான். கோர் முன்னும் பின்னும் ஓடிக் களைத்தார். 7-5, 6-1, 9-7 என நேர் செட்களில் ஹாடோவுக்குப் பட்டம். அந்தத் தொடர் முழுக்க அவர் ஒரு செட் கூட இழக்கவில்லை.

அடுத்த ஆண்டு பட்டத்தைத் தக்கவைக்க அவர் வரவில்லை. விம்பிள்டனில் அதற்குப் பிறகு ஆடவே இல்லை. அதனால் அங்கே ஒரு செட் கூடத் தோற்காத சாம்பியன் என்ற பெருமை அவரிடமே இருக்கிறது.

அந்தத் தோட்டங்களில் உழைச்சது யாரு?

அன்றைய இலங்கைக் காபித் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். ஹாடோ பட்டம் வென்ற காலம், நம்ம கொங்கு வட்டாரத்தையும் வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின் காலம் (1876-78). பஞ்சத்துக்குத் தப்பியவர்கள் படகில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். தோட்டம் போய்ச் சேர்ந்தவர்களை, கங்காணியிடம் வாங்கிய முன்பணம் கடனாகக் கட்டிப்போட்டது. முதலாளிக்கு லீவு கிடைத்தது, இவர்களுக்கு ஊர் திரும்பவே கடன் அடைய வேண்டியிருந்தது.

அப்புறம் என்னாச்சு?

1869-லேயே இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய், அடுத்த இருபதாண்டுகளில் காபியை ஏறக்குறைய அழித்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. பயிர் மாறினாலும் உழைக்கும் கைகள் மாறவில்லை.

1926-ல் விம்பிள்டனின் பொன்விழா. பழைய சாம்பியன்களை அழைத்தபோது, 71 வயது ஹாடோவும் வந்தார். ராணி மேரி கையால் பதக்கம் வாங்கினார். 1946 ஜூன் 29-ம் தேதி, 91-வது வயதில் இங்கிலாந்தில் இறந்தார்.

இரண்டே ஆண்டுகளில், 1948-ல், இலங்கையில் புதிய குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். காபிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் போய்ச் சேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும்தான் அவர்கள்.