ஜெரால்டு டரல்: ஜாம்ஷெட்பூரில் பிறந்தவர் மடகாஸ்கரின் நாணல் காட்டுக்குப் போனது ஏன்?

மூங்கிலைத் தின்றே உயிர்வாழும் லெமூர்கள் மடகாஸ்கரில் இருக்கின்றன. அவற்றில் தங்க மூங்கில் லெமூர் ரொம்பவே விசித்திரமானது. ஒரே நாளில் அது தின்னும் மூங்கில் குருத்தில் இருக்கும் சயனைடு, அதே எடையுள்ள வேறு விலங்கைப் பலமுறை கொல்லப் போதுமானது. அதற்கோ ஒன்றும் ஆவதில்லை.

இந்தக் கூட்டத்தில் ஒரு சொந்தக்காரர் மட்டும் மூங்கில் பக்கமே போவதில்லை. மடகாஸ்கரின் மிகப்பெரிய ஏரியான அலோத்ராவைச் சுற்றியுள்ள சதுப்பில்தான் அதன் மொத்த வாழ்க்கையும். உள்ளூரில் ‘பாண்ட்ரோ’ என்பார்கள். நாணல், பாப்பிரஸ் கோரை, சில புல் வகைகள், இதுதான் சாப்பாடு. தண்ணீருக்கு மேலே தண்டு விட்டுத் தண்டு தாவும். தேவைப்பட்டால் நீந்தவும் செய்யும். உலகில் வேறெங்கும் இது கிடையாது.

1990இல் இதைத் தேடி அந்த ஏரிக்கரைக்கு ஒரு ஆங்கிலேயர் வந்தார். அறுபத்தைந்து வயது, வெள்ளைத் தாடி, மூட்டு வலி. அவர்தான் ஜெரால்டு டரல்.

1925 ஜனவரி 7 அன்று ஜாம்ஷெட்பூரில் பிறந்தவர் டரல். அப்பா இன்ஜினீயர். அவர் 1928இல் இறந்துபோக, அம்மா லூயிசா பிள்ளைகளோடு இங்கிலாந்து திரும்பினார். 1935இல் குடும்பம் கிரேக்கத் தீவான கோர்ஃபுவுக்குக் குடிபோனது. பள்ளிக்கூடம் என்று ஒழுங்காக எதுவும் இல்லை. தேள், ஆமை, ஆந்தை என்று கையில் கிடைத்ததையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவருவான் பையன். தியோடர் ஸ்டெஃபனிடிஸ் என்ற மருத்துவர் அவனுக்கு இயற்கையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். டிகிரி எதுவும் வாங்காத டரலுக்கு உண்மையான கல்லூரி அதுதான்.

21 வயதில் குடும்பச் சொத்திலிருந்து பணம் வந்தது. வேறு யாராவது என்றால் வீடு வாங்கியிருப்பார்கள். டரல் 1947இல் ஆப்பிரிக்காவின் கேமரூனுக்குக் கிளம்பினார். ஜூக்களுக்கு விலங்கு பிடித்துக் கொடுப்பது தொழில். மூன்று பயணம் முடிவதற்குள் கையிருப்பு காலி.

அந்தப் பயணங்களில்தான் அவருக்கு உறுத்தல் தொடங்கியது. அன்றைய ஜூக்களில் ஒரு விலங்கு செத்தால் இன்னொன்றை ஆர்டர் செய்வார்கள், அவ்வளவுதான். காட்டில் அது எத்தனை மிச்சம் என்று யாரும் கேட்பதில்லை. அழியப்போகும் இனத்தை வைத்து, பெருக்கி, திரும்பக் காட்டில் விடுவதற்குத்தான் ஜூ இருக்க வேண்டும் என்பது டரலின் எண்ணம். பெரிய ஜூக்காரர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை.

சரி, நாமே ஒன்று கட்டிவிடலாம் என்று இறங்கினார். பணத்துக்கு வழி? எழுத்து. அண்ணன் லாரன்ஸ் டரல் நாவலாசிரியர். எழுதச் சொல்லித் தூண்டியவரும் அவரே. கோர்ஃபு நாட்களைப் பற்றி 1956இல் ஜெரால்டு எழுதிய புத்தகம் விற்றுத் தீர்ந்தது. 1959இல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே உள்ள ஜெர்சி தீவில் அவருடைய ஜூ திறந்தது. 1963இல் அதை ஒரு அறக்கட்டளையாக்கினார். சின்னம், அழிந்துபோன டோடோ பறவை. மொரீஷியஸின் இளஞ்சிவப்புப் புறா போன்ற இனங்கள் மீண்டதில் அந்த அறக்கட்டளைக்குப் பெரிய பங்கு உண்டு.

1979இல் டரல் மணந்த லீ, மடகாஸ்கரில் ஆய்வு செய்தவர். அதன்பின் அந்தத் தீவோடு டரலுக்குப் பிணைப்பு இறுகியது. 1990 பயணத்தில் அவர் தேடிய விலங்குகளில் ஒன்றுதான் பாண்ட்ரோ.

அங்கே சிக்கல் எளிதானதில்லை. அலோத்ரா பகுதி மடகாஸ்கரின் நெற்களஞ்சியம். வயலுக்கு இடம் வேண்டுமென்றால் நாணலை எரிக்க வேண்டும். மலையில் மரம் போனதால் மண் அரித்து ஏரியில் வந்து சேர்கிறது. போதாக்குறைக்கு, பாண்ட்ரோவைச் சாப்பாட்டுக்கும் வளர்க்கவும் பிடித்தார்கள். பசியோடு நெல் விதைக்கிறவரிடம் லெமூரைப் பற்றி மட்டும் பேசினால் எடுபடுமா?

டரல் குழு சில பாண்ட்ரோக்களை ஜெர்சிக்குக் கொண்டுபோனது. அவை அங்கே குட்டி போட்டன. மற்ற ஐரோப்பிய ஜூக்களுக்கும் போயின. அவர் திட்டத்தில் அது பாதிதான். மீதி பாதி, திரும்பிப் போக நாணல் இருக்க வேண்டும் என்பது. அதைப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு உடல் தேறாமல், 1995 ஜனவரி 30 அன்று இறந்தார்.

அவர் அறக்கட்டளை ஏரிக்கரைக் கிராம மக்களோடு சேர்ந்து வேலையைத் தொடர்ந்தது. 2003இல் அலோத்ரா ராம்சார் ஈரநிலமானது. ஆனாலும் நாணல் எரிவது நிற்கவில்லை. அதே ஏரியின் முக்குளிப்பான் பறவை இனம் அழிந்துவிட்டதாக 2010இல் அறிவித்தார்கள். அதை யாரும் எந்த ஜூவிலும் வளர்த்து வைத்திருக்கவில்லை.