நூறு வயதுக்கு வழி சொன்னவர்!

காரைக்காலை அடுத்த நெரவியில் இருந்து தெற்கு நோக்கிப் போனால் திருமலைராயன்பட்டினம் வரும். அதைத் தாண்டினால் நாகூர். அதற்கு அப்பால் நாகப்பட்டினம். மொத்தம் சுமார் 20 கிலோமீட்டர்தான்.

1876-ம் ஆண்டில் இந்தச் சிறு தூரத்துக்குள் இரண்டு ஆட்சிகள் நடந்தன. நெரவியில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. நாகையில் ஆங்கிலேயர் கொடி பறந்தது.

கொடிதான் வேறு. வயலும் வாய்க்காலும் கடல் காற்றும் ஒன்றே. பேதிக்கும் காய்ச்சலுக்கும் மக்கள் பயந்ததும் இரு பக்கமும் ஒன்றே.

அந்த ஆண்டு ஜூலை 15-ந் தேதி நாகையில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர் அதற்கு வேதாசலம் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் மறைமலை அடிகள் ஆனது!

அடிகள் தமிழுக்குச் செய்த தொண்டை நாடே அறியும். உடம்பையும் மனத்தையும் காப்பது பற்றி அவர் எடுத்துக்கொண்ட கவலையை அறிந்தவர்கள் குறைவு.

வைத்தியர் வீட்டுப் பிள்ளை

அடிகளின் தந்தை சொக்கநாத பிள்ளை, நாகையில் அறுவை மருத்துவர். தாய் சின்னம்மையார்.

ஊருக்கு வைத்தியம் பார்த்த தந்தை, மகன் சிறு பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். குடும்பத்தில் வறுமை புகுந்தது. வெசுலியன் மிஷன் பள்ளியில் படித்துக் கொண்டிருந்த வேதாசலத்தின் படிப்பு, ஒன்பதாம் வகுப்போடு நின்றது.

ஆனால் அவர் சோர்ந்து உட்காரவில்லை. நாகையில் புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளையிடம் போய்த் தமிழ் படித்தார். தினமும் படித்தார். பெரிய பெரிய நூல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்று முடித்தார்.

பெரிய காரியத்தைச் சிறு பங்குகளாக்கி, நாள் தவறாமல் செய்வது என்ற பழக்கம் அப்போது ஏற்பட்டது. அது கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை.

மூன்று சாவுகள்

1898-ம் ஆண்டில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. அப்போது வயது 21.

பகலில் பாடம். மற்ற நேரத்தில் படிப்பும் எழுத்தும் சொற்பொழிவும். இளம் உடம்பு ஈடுகொடுக்கவில்லை. கடும் நோயில் விழுந்தார். நோய் நீங்கினால் பாமாலை சூட்டுவதாகத் திருவொற்றியூர் முருகனிடம் வேண்டிக் கொண்டார். பிழைத்து எழுந்து, திருவொற்றியூர் முருகர் மும்மணிக்கோவையைப் பாடி முடித்தார்.

அடுத்து ஓர் இடி. அவருக்குச் சைவ சித்தாந்தம் கற்பித்த குரு சோமசுந்தர நாயகர் 1901-ல் காலமானார்.

இரண்டே ஆண்டில் மற்றோர் இடி. கல்லூரியில் உடன் வேலை பார்த்த பரிதிமாற் கலைஞர் காசநோய்க்குப் பலியானார். தமிழுக்கு இன்னும் எத்தனையோ செய்திருக்க வேண்டிய அந்த அறிஞருக்கு வயது 33 தான்.

தந்தை போனார். குரு போனார். நண்பர் போனார். அறிவு எவ்வளவு இருந்தாலும், அதைத் தாங்க உடம்பு வேண்டாமா?

காவி உடை

1911-ல் வாழ்க்கை திசை மாறியது. பல்கலைக்கழகப் படிப்பில் தமிழ் கட்டாயப் பாடமாக இல்லாமல் போயிற்று. 13 ஆண்டு பார்த்த வேலையை விட்டுவிட்டு, அடிகள் பல்லாவரத்தில் குடியேறினார். மாதச் சம்பளம் நின்றது. அதே ஆண்டு காவி உடுத்தார். மனைவி மக்கள் உடன் இருந்தார்கள்.

1916-ல் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி பெரிய இயக்கத்துக்கு வித்திட்டது. ஒருநாள் அவரும் மகள் நீலாம்பிகையும் வள்ளலாரின் பாட்டு ஒன்றைப் படித்துக் கொண்டிருந்தார்கள். அதில் தேகம் என்ற வடசொல் வந்தது. அந்த இடத்தில் யாக்கை என்ற தமிழ்ச் சொல் இருந்திருந்தால் இன்னும் சுவையாக இருக்குமே என்று அடிகளுக்குத் தோன்றியது. வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று தமிழாக்கிக் கொண்டார்.

தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி வைத்த சொல்லே உடம்பைக் குறிக்கும் சொல்தான்!

ஆரோக்கிய நூல்கள்

அடிகள் ஆங்கிலத்தில் வெளிவந்த உடல்நல நூல்களையும் மனநூல்களையும் வாங்கி வாங்கிப் படித்தார். படித்ததைத் தமிழில் எழுதினார்.

எதை உண்ணலாம், எதை உண்ணக்கூடாது என்பதற்கு 1921-ல் ஒரு நூல். உடம்பைத் தளர்த்தி, மனத்தை அடக்கி, விழிப்போடு இளைப்பாறும் அறிதுயில் என்ற யோக நித்திரைக்கு 1922-ல் ஒரு நூல். இவற்றுக்கெல்லாம் சிகரமாக 1933-ல் மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை என்ற நூல்.

மனக்கவலையும் உடம்பைத் தின்னும் என்பதைத் தமிழ் வாசகருக்கு அப்போதே எடுத்துச் சொன்னவர் அவர்.

அவர் சொன்ன எல்லாவற்றையும் இன்றைய மருத்துவம் ஒப்புக்கொள்வதில்லை. அடிகள் புலால் உண்ணாதவர். மற்றவர்களும் அப்படியே இருக்க வேண்டும் என்றவர். மீனோடு வாழும் கடற்கரை மக்களுக்கு அந்த விதி பொருந்தாது. எண்ணெயில் பொரிக்காமல் குழம்பு வைத்த மீன் உடம்புக்கு நல்லது என்பதே இன்றைய மருத்துவர்களின் கருத்து.

ஆனால் அடிப்படை மாறவில்லை. அளவான உணவு, நல்ல உறக்கம், உடல் உழைப்பு, மன அமைதி ஆகிய நான்கையும் இன்றைய மருத்துவர்களும் வற்புறுத்துகிறார்கள்.

74-ல் முடிவு

நூறு ஆண்டு வாழ வழி எழுதியவர் எத்தனை ஆண்டு வாழ்ந்தார்?

1950-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி அடிகள் காலமானார். அப்போது வயது 74.

நூறு எட்டவில்லையே என்று கேலி பேசலாம். ஆனால் நாடு விடுதலை அடைந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டு அளவில்தான் இருந்தது. இளமையிலேயே நோயில் விழுந்தவர் 74 வரை இருந்தார்; கடைசிக் காலம் வரை படித்தார், எழுதினார். அருமை மகள் நீலாம்பிகை தமக்கு முன்பே இறந்த துயரத்தையும் தாங்கினார்.

பழக்கம் மட்டுமே அவர் ஆயுளை நீட்டியது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கிடைத்த ஆயுளில் ஒரு நாளும் வீணாகாமல் காத்தது பழக்கம்தான்.

வரப்பும் உப்பும்

அன்று நெரவி உழவருக்குத் தனியாக நடைப்பயிற்சி தேவைப்படவில்லை. வீட்டுக்கும் வயலுக்கும் நடந்ததே போதுமானதாக இருந்தது. இன்று வரப்பு வரை மோட்டார் சைக்கிள் போகிறது.

வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கணக்குப் பார்த்தால் தினம் 22 நிமிடம்கூட ஆகவில்லை. மாலையில் வாய்க்கால் கரையில் ஒரு நடை போதும்.

நாள் ஒன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். அது ஒரு சிறு கரண்டி அளவு. சோற்றில் போடும் உப்பை நிறுத்தி, கருவாட்டையும் ஊறுகாயையும் குறைத்தாலே பாதிக் கிணறு தாண்டியது போல.

இவற்றுக்குக் காசு செலவில்லை. நாள் தவறாமல் செய்வதுதான் கஷ்டம்.

அதற்கும் அடிகளின் வாழ்க்கையே வழி காட்டுகிறது. 1898-ல் கல்லூரி வேலையில் சேர்ந்த அந்த ஆண்டு, அவர் ஒரு நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். தனித்தமிழ் கண்ட அவர் அதை ஆங்கிலத்தில் எழுதியது ஓர் அதிசயம்!

தினம் சில வரிகள்தான். நோய் வந்தது, வேலை போனது, உற்றார் மறைந்தார்கள். நாட்குறிப்பு நிற்கவில்லை. அவர் கண் மூடிய 1950 வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது நடந்தது.