இரவல் நூல்களால் உருவான தத்துவர்

தத்துவம் பயிலும் மாணவனைக் கண்டால் இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்காதவர் அரிது. ஹப்சிகுடாவில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் முதல் ஊரில் இருக்கும் பெரியப்பா வரை எல்லோரும் கேட்டாயிற்று. அவர்களுக்கு விடை கூறுமுன், நம் சங்கத்து நண்பர்களுக்குச் சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் மாணவப் பருவத்தைச் சொல்ல விரும்புகிறேன். அவர் குடியரசுத் தலைவரான வரலாறு ஆசிரியர் தினந்தோறும் மேடைகளில் முழங்குகிறது. ஆனால் கல்லூரியில் அவர் உள்ளத்தில் மூண்ட போராட்டத்தைப் பேசுவோர் சிலரே.

1888 செப்டம்பர் 5-இல் திருத்தணியில், தெலுங்கு பேசும் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். அவர் யாருக்குச் சொந்தம் என்று என் அறையில் தெலுங்கு நண்பர்களோடு வழக்கு நடக்காத மாதம் இல்லை. குடும்பப் பெயரிலுள்ள சர்வபள்ளி நெல்லூர்ப் பக்கம். திருத்தணியோ 1960-இல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தீர்ப்பை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

திருப்பதியில் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரிஸ் கல்லூரி, 1904 முதல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்று அவர் படித்தவை பாதிரிமார் நிலையங்களே. அக்காலத்தில் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. தாம்பரம் சென்றது 1937-இல்தான். தத்துவத்தை அவர் தேடிச் சென்று எடுத்துக்கொள்ளவில்லை. பட்டம் பெற்ற உறவினர் ஒருவர் தம் தத்துவ நூல்களைக் கொடுத்துதவினார். புத்தகச் செலவு மிச்சம் என்பதே பாடத்தை முடிவு செய்தது! இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல்.

பாடத்துக்குள் நுழைந்த பிறகுதான் சோதனை வந்தது. உலகம் மாயை என்றால் நன்மை தீமைக்கு என்ன பொருள்? அவனவன் வினையை அவனவன் அனுபவிக்கிறான் என்றால் துன்பப்படுகிறவனுக்குக் கைகொடுப்பது எதற்கு? வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்று மிஷனரி அறிஞர்கள் வாதித்தார்கள். வீட்டில் கண்ட பக்தியும் வகுப்பில் கேட்ட கண்டனமும் அந்த இளைஞரை இருபுறமும் இழுத்தன. காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கலாம். அல்லது தம் சமயத்தைக் கைகழுவியிருக்கலாம். அவர் இரண்டும் செய்யவில்லை. தம் சமய நூல்களில் உயிருள்ளது எது, உயிரற்றது எது என்று ஆராயத் தொடங்கினார்.

அதன் விளைவே 1908-இல் எம்.ஏ. பட்டத்துக்காக எழுதிய ஆய்வுரை. வேதாந்தத்தின் அறநெறியும் அதற்கு அடிப்படையான தத்துவக் கொள்கைகளுமே பொருள். அறவாழ்வு விடுதலைக்குத் தடையன்று, அதற்குரிய வழியே என்று நிறுவ முயன்றார். வாசிக்கப் போகிறவரோ பேராசிரியர் ஏ. ஜி. ஹாக், கர்மக் கொள்கையைக் கூர்மையாக விமர்சித்து எழுதியவர். மாணவர் அஞ்சியதில் வியப்பில்லை. ஆனால் ஹாக் மனமாரப் பாராட்டிச் சான்றிதழ் வழங்கினார். அவ்வாண்டே அது நூலாகவும் வந்தது. தம் கொள்கையை மறுத்தவனுக்கு நியாயமாக மதிப்பளித்த ஆசிரியருக்கும் இப்புகழில் பாதி உண்டென்பது என் கருத்து.

பின்னர் ஏற்றந்தான். 1909-இல் சென்னை மாநிலக் கல்லூரி, 1918-இல் மைசூர், 1921-இல் கல்கத்தா, 1936-இல் ஆக்ஸ்ஃபோர்டு. வாழ்வில் கறுப்புப் பக்கம் இல்லாமலும் இல்லை. தம் ஆய்விலிருந்து பகுதிகளை எடுத்தாண்டதாக யதுநாத் சின்ஹா என்ற ஆய்வாளர் 1929-இல் குற்றஞ்சாட்டினார், இருவரும் நீதிமன்றம் ஏறினர், 1933-இல் சமரசமாயிற்று. பாராட்டுரைகளில் இதை விட்டுவிடுகிறார்கள். மாணவர்களாகிய நாம் அறிந்திருப்பது நல்லது.

அவர் தலைமையில் 1948-இல் அமைந்த பல்கலைக் கழகக் கல்விக் குழு, பட்டப் படிப்பின் முதலாண்டில் சமயப் பெரியோர் வரலாறுகளும், இரண்டாமாண்டில் உலகச் சமய நூல்களின் பகுதிகளும், மூன்றாமாண்டில் சமயத் தத்துவச் சிக்கல்களும் கற்பிக்கப் பரிந்துரைத்தது. ஒரு சமயத்தைப் போதிப்பதற்கும் சமயங்களை ஆராய்வதற்கும் உள்ள வேறுபாட்டைத் தம் வகுப்பறையிலேயே உணர்ந்தவர் வகுத்த திட்டம் அது. இதைச் செயலில் காட்டிய கல்லூரிகள் மிகச் சில.

1975 ஏப்ரல் 17-இல் சென்னையில் காலமானார். மயிலாப்பூரில் அவர் வீடு இருந்த எட்வர்டு எலியட்ஸ் சாலைக்கு இன்று அவர் பெயர்தான். ஊரார் அதை ஆர்.கே. சாலை என்று சுருக்கிவிட்டார்கள்.